எஞ்சினுக்குச் சமதரை, முழங்காலுக்குப் படிக்கட்டா?

காலை ஏழரை மணி. கோவையின் கிழக்குப் புறநகரில் ஒரு நாற்சந்தி. பெயர் இங்கே வேண்டாம். சூலூர்ப் பக்கமிருந்து சிங்காநல்லூருக்கும் பீளமேட்டுக்கும் கணபதிக்கும் வேலைக்கு வந்து போகிற எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும், "அட, இது நம்ம சந்திப்புதானுங்க!" என்றுதான் சொல்வார்.

டவுன் பஸ்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குப்போசி. எட்டு மணி ஷிப்டு. மில் கேட்டுக்குப் போகும் சந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இடையில் வண்டிகள் ஆற்று வெள்ளம் மாதிரி ஓடுகின்றன. நொய்யலில் வெள்ளம் வந்தாலாவது மழை விட்டதும் வடியும். இந்த வெள்ளம் வடிவதில்லை.

முன்பு இங்கே சிக்னல் இருந்தது. சிவப்பு விழும், வண்டிகள் நிற்கும், ஜனங்கள் கடப்பார்கள். இன்று சிக்னலும் இல்லை, சிவப்பும் இல்லை. நோட்டீஸ் கொடுக்கப் போன நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழு நிமிஷம் கழித்து, வயதில் மூத்த ஒரு அம்மாள் வலது கையை உயர்த்திக்கொண்டு துணிந்து இறங்கினார். மற்றவர்கள் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஒரு லாரி அலறிக்கொண்டு நின்றது. "சாவதற்கு என் வண்டிதான் கிடைத்ததா?" என்று டிரைவர் கத்தினார். அந்த டிரைவரும் நம்மைப் போல் கூலிக்கு வேலை செய்கிறவர்தான். அவரையும் இந்தப் பெண்களையும் ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டது எது? அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

நடந்தது என்ன?

கோவை நகரில் 2023-ம் ஆண்டு வாக்கில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. பெரிய சாலைகளில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்தினார்கள். சந்திப்பின் நடுவே தடுப்பு வைத்து அடைத்தார்கள். நேரே குறுக்கே போக வேண்டியவரும் வலது பக்கம் திரும்ப வேண்டியவரும் முதலில் இடது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், 'யூ டர்ன்' அடித்துத் திரும்பி வர வேண்டும். சில இடங்களில் ரவுண்டானா போட்டார்கள்.

இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிவப்பு விளக்கில் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் புகையைக் குடித்துக்கொண்டு நின்றதை எல்லோரும் அறிவோம். பஸ் நின்றால் பஸ்ஸில் இருக்கும் ஐம்பது பேரும் நிற்கிறார்கள். ஆம்புலன்ஸ் நின்றால் ஒரு உயிர் நிற்கிறது. அந்தக் காத்திருப்பு குறைந்தது வாஸ்தவம்.

பாலங்களும் வந்தன. திருச்சி ரோட்டில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலம் 2022-ல் திறக்கப்பட்டது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 1,791 கோடி ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் பாலத்துக்குப் பதினேழு லட்சம் ரூபாய்க்கு மேல்!

பாலம் வேண்டாம் என்று சொல்வதல்ல நம் வேலை. பாலத்தைக் கட்டியதும் உழைக்கும் கைகள்தான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: பாலத்துக்கு மேலே போகிறவனுக்குப் பத்து நிமிஷம் மிச்சமானது சரி, பாலத்துக்குக் கீழே நிற்கிறவளுக்கு என்ன மிச்சமாயிற்று?

வேகம் என்றால் என்ன?

"ஜாம் ஒழிந்துவிட்டது, வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்று பத்திரிகைகள் பிரமாதமாக எழுதுகின்றன. வேகம் என்பது என்ன என்று கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு ஆள்மீது மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து அவன் கீழே விழுவதற்குச் சமம். ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து விழுவதுபோல. கை ஒடியும், கால் ஒடியும். பெரும்பாலும் உயிர் தப்பும். வேகம் 60 ஆனால்? இரண்டு மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். வேகம் இரட்டித்தால் அடியின் பலம் நான்கு மடங்காகும். பதினான்கு மீட்டர், அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நாலு மாடியிலிருந்து விழுந்தவன் எழுந்து நடப்பானா?

இன்னொரு கணக்கு. இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை என்று நான்கு வரிசை ரோடு சுமார் 14 மீட்டர் அகலம். சாதாரணமாக நடக்கும் ஆள் ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக எஞ்சினீயர்கள் கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் கடக்கப் பன்னிரண்டு விநாடி ஆகும். அந்தப் பன்னிரண்டு விநாடியில் 60 கிலோமீட்டர் வேக வண்டி 200 மீட்டர் வந்துவிடும். ஆகவே, இருபுறமும் 200 மீட்டருக்கு வண்டியே இல்லாதபோதுதான் அந்தப் பெண் பத்திரமாகக் கடக்க முடியும். எந்த நாள் காலையில் அப்படி இருக்கிறது? எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்று கால் வீங்கிப்போனவளுக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் வருமா? அதையும் கேட்க வேண்டும்.

இதே ரோட்டுக்கு நடுவில், தடுப்பில் ஒரு வழி விட்டு, நின்றுகொள்ள அகலமான ஒரு மேடை கட்டினால்? ஒரு தடவைக்கு 7 மீட்டர், ஆறு விநாடி, ஒரே பக்கம் பார்த்தால் போதும். வண்டியின் வேகத்தையும் 30-க்குக் குறைத்தால், தேவையான இடைவெளி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகிறது. இதற்கு ஆயிரம் கோடி வேண்டாம். கொஞ்சம் சிமெண்டும் கொஞ்சம் மனமும் போதும்.

நாற்சந்தியில் ஆபத்து எங்கே?

நான்கு ரோடும் கூடும் சாதாரணச் சந்திப்பில், ஒரு வண்டியின் வழியும் இன்னொரு வண்டியின் வழியும் முட்டிக்கொள்ளும் இடங்கள் 32 என்று போக்குவரத்து நூல்கள் கணக்கிட்டிருக்கின்றன. ஒரே வரிசை வண்டி சுற்றும் சிறிய ரவுண்டானாவில் இது எட்டாகக் குறைகிறது. அதைவிட முக்கியம், ரவுண்டானாவில் எவனும் அம்புபோல் நேரே பாய முடியாது. வளைந்துதான் போக வேண்டும். வளைந்தால் வேகம் குறையும். அமெரிக்கா மோட்டார் கம்பெனிகளின் சொர்க்கம். அங்கேயே 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிப் பார்த்து 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆளுக்குக் காயம் உண்டாக்கும் விபத்துகள் சுமார் முக்கால் பங்கு குறைந்தன!

யூ டர்ன் ஏற்பாட்டிலும் குறுக்கே மோதும் ஆபத்துக் குறைகிறது. ஆனால் வேகம் குறைவதில்லை, கூடுகிறது. சிவப்பு என்ற ஒன்றே இல்லாதபோது நடக்கிறவனுக்கு என்று ஒதுக்கிய விநாடி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. சைக்கிள்காரன் நிலைமையைப் பாருங்கள். யூ டர்ன் 400 மீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ச் சந்துக்குப் போக அவன் 800 மீட்டர் கூடுதலாக மிதிக்க வேண்டும். நடுவே வேக வண்டிகளைத் தாண்டி வலது ஓரத்துக்கு வந்து திரும்ப வேண்டும். காரில் இருப்பவனுக்கு 800 மீட்டர் ஒரு நிமிஷம். இவனுக்கு அது உயிரைப் பணயம் வைக்கும் விஷயம்.

ஒரு சாவும் நம்முடைய தவறும்

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

போன வருஷம், இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த ஒரு தொழிலாளி லாரியில் அடிபட்டுச் செத்தார். டாபராக வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் மில்லில் உழைத்தவர். யூ டர்ன் வரை போய்த் திரும்பி வருவதற்குப் பதிலாக, இருநூறு மீட்டர் எதிர்த்திசையில் ஓரமாக வந்தார். தினமும் அப்படித்தான் வந்தார். எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். நானும் என் மொபெட்டில் அதே இடத்தில் அப்படி வந்திருக்கிறேன். காகிதத்தில் என்ன எழுதினார்கள்? எதிர்த்திசையில் வந்தது அவர் குற்றம். அத்துடன் வழக்கு முடிந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? மாலை வாங்கினோம். ஊர்வலமாகப் போனோம். இரங்கல் கூட்டத்தில் நானே இருபது நிமிஷம் பேசினேன். அவர் குடும்பத்துக்கு வசூல் செய்தோம். ஆனால் அந்த இருநூறு மீட்டரைப் பற்றி ஒரு வரி மனு எழுதவில்லை. அடுத்த நாள் காலை அதே இடத்தில், அதே எதிர்த்திசையில், அவருடைய கூட்டாளிகள் சைக்கிளில் வந்தார்கள். மாலையில் இருந்த பூ வாடுவதற்குள் நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். கூலிக்காகவும் போனசுக்காகவும் மாதக்கணக்கில் போராடத் தெரிந்த நமக்கு, வேலைக்குப் போகும் வழியில் போகிற உயிர் ஒரு கோரிக்கையாகத் தோன்றவில்லை. விதி என்று விட்டுவிட்டோம். இது விதியல்ல, தோழர்களே. வரைபடத்தில் போட்ட ஒரு கோடு!

சாகிறவர்கள் யார்?

மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு இவர்கள்தான். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 17,884 பேர் இறந்தார்கள். நாளைக்கு 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கே இந்தியாவில் முதலிடம்.

காரணம் என்ன என்றால், "அதிவேகம்" என்கிறது அதே அறிக்கை. நூறு சாவில் எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் என்று கணக்கு. சரி, அந்த வேகம் வானத்திலிருந்து விழுந்ததா? வேகமாகப் போவதற்கென்றே ரோட்டைப் போட்டுவிட்டு, பிறகு வேகமாகப் போனான் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? கோவை திருச்சி ரோட்டுப் பாலத்தையே பாருங்கள். 2022-ல் திறந்த சில மாதங்களுக்குள்ளேயே, வளைவில் இருசக்கர வண்டியில் வந்த இளைஞர்கள் சுவரில் மோதி இறந்தார்கள். அதன் பிறகுதான் வேகத்தைக் குறைக்கும் தடைகள் வந்தன. தடைக்கான புத்தி முதலிலேயே வந்திருக்கக் கூடாதா? ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு பிணத்தை விலையாகக் கேட்பது என்ன திட்டம்?

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு. சாலையை வகுப்பதிலும் போடுவதிலும் பராமரிப்பதிலும் உரிய விதிகளைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ காண்டிராக்டருக்கோ ஆலோசகருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எதிர்த்திசையில் வந்த சைக்கிள்காரன்மீது உடனே பாய்கிற சட்டம், இந்தப் பிரிவைத் திறந்து பார்த்ததை நீங்கள் எத்தனை முறை கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

படிக்கட்டு வைத்தியம்

நடப்பவர்களைப் பற்றிக் கேட்டால், உடனே "நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள பெண் ஏற வேண்டும். கீரைக்கட்டைத் தலையில் வைத்து உழவர் சந்தைக்குப் போகிறவர் ஏற வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்தவள் ஏற வேண்டும். இரவு ஷிப்டு முடிந்த பெண் இருட்டில் தனியே ஏற வேண்டும். அடியில் பெட்ரோலில் ஓடுகிற வண்டி மட்டும் சமதரையில் சுகமாகப் போகும். எஞ்சின் உள்ளவனுக்குச் சமதரை. முழங்கால் மட்டும் உள்ளவனுக்குப் படிக்கட்டு! இதற்குப் பெயர் பாதுகாப்பா?

பிறகு, யாரும் ஏறவில்லை என்றதும், "ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை" என்பார்கள். ஜனங்கள் எங்கே பஸ் நிற்கிறதோ, எங்கே மில் கேட் இருக்கிறதோ, எங்கே டீக்கடை இருக்கிறதோ அங்கேதான் கடப்பார்கள். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல. அந்த இடத்தில் கடவையைப் போடுங்கள். ஒழுங்கு தானாக வரும். நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்து ஓட்டுகிற இளைஞர்கள் நம்மிலும் உண்டு. அதைக் கண்டிக்க நமக்கு உரிமை வேண்டுமானால், ரோட்டை வகுத்தவனையும் கண்டிக்க வேண்டும்.

இன்னொரு வைத்தியம், பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து வெகுதூரம் தள்ளிவிடுவது, தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்துவது. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம். ஆனால் அந்த பஸ்ஸுக்குப் போக ரோட்டைக் கடக்க வழியில்லை என்றால் டிக்கெட் இல்லாததால் என்ன பிரயோசனம்? தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். சந்திப்பை விஸ்தரிக்கும் வரைபடத்தில் கார் திரும்ப இடம் குறிப்பவர்கள், ஷிப்டு முடிந்து இட்லி சாப்பிடும் வண்டிக்கும் ஒரு இடம் குறிக்கட்டும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதை டவுன் சங்கதி என்று விட்டுவிட வேண்டாம். வீடு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம் என்று உங்கள் ஊரையே இரண்டாக வெட்டிக்கொண்டு நாலு வழிச்சாலை போகிறதே, அங்கேயும் இதே கணக்குத்தான். விளக்கு மட்டும் இன்னும் குறைவு. வேகம் இன்னும் அதிகம்.

நாம் கேட்பது என்ன?

1. ஜனங்கள் கூடும் ஒவ்வொரு சந்திப்பிலும், நடப்பவர் பொத்தானை அழுத்தினால் வண்டிகள் நிற்கும்படியான சிக்னல் வேண்டும். அதன் நேரத்தை ஓடுகிறவனைப் பார்த்து அல்ல, மெதுவாக நடக்கும் கிழவியைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும்.

2. கடவையை ரோட்டு மட்டத்திலேயே, கொஞ்சம் மேடாக, வேகத்தடை போலக் கட்ட வேண்டும். நடுவில் நின்றுகொள்ள அகலமான மேடை வேண்டும். இரவில் கடவைமீது நேரே விளக்கு விழ வேண்டும்.

3. வண்டிகள் வேகம் குறைக்காமலே இடது பக்கம் திரும்பும்படி வளைவை அகலமாக வெட்டுவதை நிறுத்த வேண்டும். வளைவு குறுகினால் வேகம் குறையும்.

4. சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் பத்திரமான குறுக்கு வழி இல்லாமல் எந்தச் சந்திப்பையும் அடைக்கக் கூடாது.

5. பஸ் நிறுத்தம் கடவைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுவரை தடையில்லாத நடைபாதை வேண்டும்.

6. எந்த மாற்றம் செய்தாலும், முன்பு எத்தனை பேர் அடிபட்டார்கள், பின்பு எத்தனை பேர் என்ற கணக்கைச் சந்திப்பிலேயே பலகை எழுதி வைக்க வேண்டும். மிச்சமான நிமிஷத்தை மட்டும் சொல்லி மார்தட்டக் கூடாது.

கிளைகள் செய்ய வேண்டிய வேலை

இவையெல்லாம் மேடையில் பேசினால் வராது. ஒவ்வொரு கிளையும் தன் சந்திப்பில் ஒரு வாரம் உட்கார வேண்டும். வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம். ஷிப்டு மாறும் நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எழுதுங்கள். வண்டிகளை எண்ணுவதற்கு சர்க்காரிடம் ஆள் உண்டு. நம்மை எண்ணுவதற்கு நாம்தான் உண்டு. அந்தச் சந்திப்பில் ஐந்து வருஷமாக நடந்த விபத்துகளின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கொடுத்த மனுவுக்கு எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை இன்னும் அதிகம் பேராய்ப் போங்கள்.

எங்கள் கிளை இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அன்று கையை உயர்த்திக்கொண்டு ரோட்டில் இறங்கிய அந்த அம்மாள்தான் நோட்டில் முதல் கணக்கை எழுதச் சொன்னார். "நான் படிக்காதவ, தம்பி. ஆனா எத்தனை நிமிஷம் நின்னேன்னு எனக்குத் தெரியும். எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டோம். ஏழு நிமிஷம். இந்த ஏழு நிமிஷத்துக்குப் பதில் சொல்லும் வரை எந்தச் சந்திப்பையும் "மேம்படுத்திவிட்டோம்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.